எதிர்வீட்டுச் சிறுநீர்

ஷா ஆலமில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. மருந்தடிப்பவர்களின் சிறுநீரில் பூச்சிமருந்தின் சுவடு இருக்கிறதா என்று பார்ப்போம். குழிகள் நிறைந்த தட்டில், அந்தச் சுவடைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும். மருந்து இல்லையென்றால் குழி நல்ல மஞ்சளாகும், இருந்தால் வெளிறிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே படாத ஒருவரின் சிறுநீரும் வேண்டும். அது எப்போதும் என்னுடையதுதான். அதில் ஒரு பெருமை வேறு எனக்கு!

கிள்ளானில் ஒரு காய்கறித் தோட்டத்தில் மருந்தடிக்கும் ஓர் அக்கா, புட்டியைத் தானே கொண்டுவந்து கொடுத்தார்.

"தலை சுத்துது, கை நடுங்குதும்மா. டெஸ்ட்ல தெரிஞ்சாத்தான் வேற வேலைக்கு மாத்துவாங்களாம்."

அவருடைய குழி வெளிறியது. பக்கத்தில் என்னுடையதும் வெளிறியது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் புரிந்தது. பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தரைத்தள வீடு. கரப்பான், கொசு. அதே வகை மருந்துள்ள ஸ்ப்ரேயை அடித்துவிட்டு, ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டு படுப்பேன். தனியாக இருப்பவள் திறந்து வைத்துக்கொண்டா தூங்க முடியும்? இரண்டு குழியும் ஒன்றுபோல இருந்தால் அந்த அக்காவுக்கு ஒன்றுமில்லை என்றுதான் அறிக்கை போகும்.

"வேற ஆள் சாம்பிள் கொண்டா. இங்க உள்ளவங்க வேணாம், மத்தவங்க எல்லாரும் மருந்தைத் தொடுறவங்க. உன் வீட்டுல யாரையாச்சும் கேளு லா," என்றார் மேலாளர்.

வீட்டில் யாரை? ரயிலில் வரும்போது கைபேசியில் இருந்த பெயர்களை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறவர்கள் நிறைய. ஒரு புட்டி சிறுநீர் கொடு என்று கேட்க ஓர் ஆள் இல்லை. இவ்வளவு பெரிய ஊரில் இப்படி ஒரு பிழைப்பு! ஆத்திரமாக வந்தது.

வெட்கத்தை விட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். வயதான ஓர் ஆன்டி திறந்தார்.

"புதுசா குடி வந்திருக்கியாம்மா?"

வருஷக்கணக்காக அங்கேதான் இருக்கிறேன். புட்டியை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். ஆன்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ, இதையா கேட்டு வந்த?"

"கொசு மருந்து அடிப்பீங்களா ஆன்டி?"

"எனக்கு மூச்சிழுப்பு. அந்த நாத்தமே ஆவாது."

மறுநாள் காலையில் புட்டி என் கைக்கு வந்தது. அவருடைய குழி மஞ்சளாகப் பளிச்சென்று நின்றது. கிள்ளான் அக்காவின் வெளிறல் பக்கத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவரை மருந்து வேலையிலிருந்து மாற்ற வேண்டும் என்று எழுதி, மேலாளரிடம் கையெழுத்தும் வாங்கி அனுப்பினேன்.

சாயங்காலம் ஆன்டியிடம் சொல்லப் போனேன்.

"எனக்கு ஒன்னும் இல்லையே?"

"சுத்தமா இருக்கு ஆன்டி."

"உனக்கு?"

ஊர் முழுக்க உள்ளவர்களின் உடம்பைப் பார்த்துச் சொல்வது என் வேலை. என்னை இப்படி ஒருவர் கேட்டதில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். திறந்தேன். அழுதேன்.