மாமா மாட்டிய தட்டு பிரேக்

சந்தேகப்படுவது அந்த வருடங்களில் அரசாங்கமே எங்களுக்குக் கொடுத்திருந்த வேலை. மலேசியா பிறந்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியாவோடு தகராறு. முன்பின் தெரியாத ஆள் யாராவது கரையோரம் நடமாடினால் உடனே தகவல் சொல்லுங்கள் என்று வானொலி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வீடு இருந்த சந்துவரை எந்த ஒற்றனும் மெனக்கெட்டு வந்து சேரவில்லை. ஆகவே கைக்குக் கிடைத்த ஆளைச் சந்தேகப்பட்டேன். கிடைத்தவர் அம்மாவின் தம்பி.

மாமாவைச் சந்தேகப்படக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. புக்கிட் பாருவில் ஒரு சீனர் பட்டறையில் அவர் மெக்கானிக். எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் எதையாவது கழற்றாமல் போகமாட்டார். கடிகாரத்தைக் கழற்றினார், தையல் இயந்திரத்தைக் கழற்றினார். திரும்ப மாட்டி முடித்தபின் ஒரு திருகாணி மட்டும் மிச்சமிருக்கும். "இது சும்மா, தேவையில்லாதது" என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். எங்கள் வீட்டுத் திருகாணிகளைச் சேர்த்தே எங்கோ ரகசியமாக ஒரு காடி, அதாவது கார், செய்துகொண்டிருக்கிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அப்பாவிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. தவுக்கே என்று நாங்கள் சொல்லும் சீன முதலாளி ஒருவரின் கலர் சோடா தொழிற்சாலையிலிருந்து மரப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, கிளேபாங்கிலிருந்து உஜோங் பாசிர்வரை இருந்த காப்பிக் கடைகளில் இறக்குவது அவர் தொழில். சனிக்கிழமைகளில் நானும் முன்னிருக்கையில் ஏறிக்கொள்வேன். அப்பாவுக்கு அப்போதெல்லாம் தீராத தாகம். கடைக்குக் கடை ஓர் ஆரஞ்சு பாட்டிலைத் திறப்பார். கடைசி இரண்டு வாய் எனக்கு. பல்வைத்த தகர மூடிகள் அவர் காலடியில் உருண்டுகொண்டே வரும். அடிக்கடி வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் புதர்ப்பக்கம் போய்வருவார். செருப்பையும் அடிக்கடி தொலைப்பார். ஒற்றைச் செருப்போடு வந்து நிற்பவரை அம்மா மேலும் கீழும் பார்த்து, "இன்னொன்ன எந்த வீட்டு வாசல்ல விட்டுட்டு வந்தீங்க?" என்பார். சந்தேகம் எனக்கு எந்த வழியில் வந்தது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஒரு மழை நாள் மாலை பிக்கப் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நேராகப் போய் அடுத்த வீட்டு வேலியைச் சாய்த்துக்கொண்டு நின்றது. அந்த வீட்டு மாமி, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறித் தமிழை மறந்துபோன சிட்டி வம்சம்; நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய்தான் வரும். வெளியே ஓடிவந்து, "ஐயோயோ, பிரேக் தாக் மக்கான்!" என்று கூவினார். பிரேக் பிடிக்கவில்லை என்பதை மலாயில் பிரேக் சாப்பிடவில்லை என்பார்கள். அதற்கு முந்தின வாரம்தான் கிளேபாங்கில் ஒரு காப்பிக் கடைத் தூணை அப்பா இடித்திருந்தார். வேலிச் சேதியும் தவுக்கேயின் காதுக்குப் போயிற்று. இன்னொரு தடவை எங்காவது இடித்தால் பெட்டிகளை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெட்டிகள்தான் எங்கள் சோறு.

மறுநாளே மாமா வந்து பிக்கப்பின் அடியில் புகுந்தார். "இது பானைக்குள்ள அடைச்ச பிரேக்கு அத்தான். மழத்தண்ணி உள்ள போச்சுன்னா லேசுல வெளிய வராது. முன்னுக்கு ரெண்டு சக்கரத்துக்கும் புது மாதிரி மாட்டித் தரேன்" என்றார். பட்டறைக்குப் பின்னால் ஓர் இங்கிலீஷ் காடி நொறுங்கிக் கிடந்ததாம். பின்பக்கம் அப்பளம், முன்பக்கம் புத்தம்புதிது.

"யாராச்சும் செத்தாங்களாடா அதுல?" என்று அம்மா கேட்டார்.

"இல்லக்கா. அந்த ஆளு பிரேக் போட்டாரு, நின்னுட்டாரு. பின்னால வந்த லோரிதான் நிக்கல. அவ்ளோ நல்ல பிரேக்கு லா."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் வேலை நடந்தது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வழவழப்பான இரும்புத் தட்டு ஒன்று. அதை இரண்டு பக்கமும் கவ்விப்பிடிக்கும் இடுக்கி ஒன்று. டிஸ்க் பிரேக் என்று மாமா சொன்னது எங்கள் வாயில் தட்டு பிரேக் ஆயிற்று. இங்கிலீஷ் காடியின் துளைகள் பிக்கப்பின் துளைகளோடு ஒத்துப்போகவில்லை. மாமா கனத்த தகட்டை ரம்பத்தால் அறுத்து, துளை போட்டு, அரம் தேய்த்து நடுவில் கொடுத்துப் பொருத்தினார். நான் சோடாப் பெட்டிமேல் உட்கார்ந்து, கழன்றது எது, மாட்டியது எது என்று காவல் காத்தேன். முடிவில் ஒரு வாளி நிறைய பழைய சாமான்கள் மிஞ்சின. பாதி வண்டியை வெளியே எடுத்துவிட்டார் என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அப்பாவுக்கும் மனம் ஒப்பவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "திறந்தே கெடக்குதே மாப்ள, மூடி எங்க?" என்றார்.

"மூடி கெடையாது அத்தான். திறந்து இருந்தாதான் சூடும் தங்காது, தண்ணியும் தங்காது."

"மூடி இல்லாத சாமான எவனாவது செய்வானா?" என்ற அப்பா, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சந்தேகத்தில் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்ததில் பெருமையாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை தெருமுனை மாரியம்மன் கோயில் முன்னால் வண்டிக்குப் பூசை. பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு, சக்கரம் ஏறி நசுக்குவதற்காக இரண்டு எலுமிச்சம்பழங்களைத் தரையில் வைத்தார். மாமாவுக்குத் தன் வேலையைக் காட்ட ஆசை. வண்டியைப் பின்னால் கொண்டுபோய், வேகமாக வந்து மிதித்தார். பழத்துக்கு ஒரு சாண் முன்னால் பிக்கப் ஆணி அடித்ததுபோல் நின்றது. மாமா சிரித்துக்கொண்டே இறங்கினார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"என்னப்பா இது, பழம் நசுங்க வேணாமா?" என்றார் பூசாரி. அபசகுனம் என்று அம்மா முணுமுணுத்தார்.

"அது கெடக்கட்டும். அத்தான், நீங்க ஏறுங்க. இதே மாதிரி பழத்துக்கு முன்னால நிறுத்திக் காட்டுங்க."

அப்பா ஏறினார், வந்தார், மிதித்தார். பிக்கப் இரண்டு பழங்களையும் நசுக்கிக்கொண்டு போய்க் கோயில் மதிலை முத்தமிடாத குறையாக நின்றது. காரியம் நல்லபடியாக முடிந்ததென்று பூசாரி மணி அடித்தார். அப்பா கோபமாகக் கீழே குதித்தார். "பாத்தியா? பிடிக்கல! இதுக்கு என் பழைய பிரேக்கே தேவலாம்!" என்று சிமெண்டுத் தரையில் அங்குமிங்கும் நடந்து கத்தினார். நடக்கும்போது அவர் வலதுகால் டக், டக் என்று சத்தம் போட்டது.

மாமா தலையைக் குனிந்து தரையையே பார்த்தார். திருடன் முழி முழிக்கிறார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அப்பாவை நிறுத்தி, அவர் காலில் விழுந்தார். "தப்பு என்னோடதுதான் அத்தான். அளவு தப்பா போட்டுட்டேன். சரியாவுறவரைக்கும் வண்டிய நீங்க தொடவேணாம். பொட்டிங்கள நானே போட்டுட்டு வரேன்" என்றார். காலில் விழுந்தவனை என்ன செய்வது? அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்த மாமாவின் வலதுகை மூடியிருந்ததை நான் கவனித்தேன். இன்னும் ஒரு திருகாணி என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமா பின்னாலேயே போய்ச் சமையலறைக் கதவோரம் நின்றேன். மாமா அம்மாவிடம் கையை விரித்தார். ரத்தம் காய்ந்த ஒரு சோடா மூடி. "அடிக்கால்ல குத்திக்கிட்டு இருந்திச்சுக்கா. அவருக்குத் தெரியவே இல்ல. செருப்பு வண்டிக்குள்ளயே கெடக்கு" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒரு சோடா மூடிக்காக இவ்வளவு அழுகை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அதன்பின் எல்லாமே கோணலாக நடந்தது. காலில் புண் என்று அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். அப்பாவின் தேநீரில் சீனி நின்றது. ஆரஞ்சும் நின்றது, எனக்குக் கிடைத்த கடைசி இரண்டு வாய் உட்பட. மாமா பட்டறை வேலையையே விட்டுவிட்டு எங்கள் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அக்காள் வீட்டு வண்டியைக் கெடுத்து, அதையே ஓட்டிப் பிழைக்கிறான் என்று உறவில் பேசினார்கள். பேசியவர்களோடு நானும் சேர்ந்துகொண்டேன்.

அப்பாவுக்கு வந்திருந்தது இனிப்பு நீர் நோய், அதாவது சர்க்கரை வியாதி. அது முற்றினால் பாதம் மரத்துப்போகும். மரத்த பாதத்துக்குப் பெடல் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. எந்தப் பிரேக்கை மாட்டினாலும் அந்தக் காலுக்கு வண்டி நிற்காது. இதெல்லாம் எனக்கு மிகவும் பின்னால் தெரிந்த சங்கதி.

ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சில மாதம் கழித்து, நல்ல மழையில் மாமாவோடு உஜோங் பாசிருக்குப் போனேன். சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்து விழுந்தார். மாமா மிதித்தார். பிக்கப் நின்றது. பின்னால் பாட்டில்கள் ஒருமுறை கலகலத்து அடங்கின, அவ்வளவுதான். ஆக, பிரேக்கில் ஒரு குறையும் இல்லை!

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் ஓடினேன். அவர் காலில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, பிரேக்கு நல்லாத்தான் பிடிக்குது. மாமா பொய் சொல்றாரு."

அப்பா வாசலை எட்டிப் பார்த்தார். மாமா மழையில் காலிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்மா" என்றார் தணிந்த குரலில். "அவன்கிட்ட சொல்லிடாத. பாவம், சங்கடப்படுவான்."

மாமா தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தார். அப்பா குரலை உயர்த்தி, "என்னா மாப்ள, பிரேக்கு இன்னும் சரியாவலயா?" என்று அதட்டினார்.

"இன்னும் கொஞ்சம் வேல இருக்கு அத்தான்."

"நல்லா பாரு. அவசரம் ஒண்ணுமில்ல."

இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள் என்பது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. என்ன திட்டம் என்றுதான் பிடிபடவில்லை. அன்றிலிருந்து அப்பாவையும் கண்காணிக்க ஆரம்பித்தேன்.