கல்மேட்டிலிருந்து வந்த பாட்டில்

கேன்டீனில் சாம்பார் ஆறிக் கிடக்கிறது என்று நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது கொள்முதல் பிரிவு பியூன் வந்து நின்றார். "வரதன் சாமி காலையில தவறிட்டாருங்க. தூக்கத்திலேயே." சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் பிடித்தேன்.

சித்திரை வீதி வீட்டு வாசலில் தொழிற்சாலை ஆட்கள் நிறையப் பேர். அழ வந்தவர்கள் பாட்டில் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் தப்பாகச் சொன்னார்கள். அவர் பாண்டிச்சேரியிலிருந்து கடத்தி வந்தார் என்றார் ஒருவர். ருசி பார்த்தார் என்றார் இன்னொருவர். இரண்டும் பொய். கூடவே போனவன் நான். அவரை அறிந்த உங்களுக்கு நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

வரதராஜன் கொள்முதல் சூப்பரின்டென்டென்ட், நான் பரிசோதனை இன்ஜினீயர். அவர் வாங்குவதை நான் தள்ளுவேன். ஆறு வருடம் இதுதான் எங்கள் உறவு. "ஓய் இன்ஜினீயர், உமக்குப் பொண்ணு பார்க்கிறவா பாவம். மூணு சாம்பிள் கேட்பீர்" என்பார். நான் பதிலுக்கு அவருடைய கோப்புகளைப் பற்றி ஏதாவது சொல்வேன். இருவருக்கும் அது பிடித்திருந்தது.

எங்கள் தொழிற்சாலையில் பெரிய பிரஸ் இயந்திரம் ஒன்றை நிறுவ பிரான்சிலிருந்து லூயி வந்திருந்தார். திராட்சை பயிரிடும் குடும்பத்துப் பிள்ளை. ஒரு நாள் டீ குடிக்கும்போது தன் ஊர் வழக்கம் ஒன்றை ஆங்கிலத்தில் சொன்னார். பிள்ளை பிறந்த வருடத்து ஒயினை எடுத்து வைத்து, அவன் வளர்ந்தபின் திறப்பார்களாம். "எனக்கு வைக்கவில்லை. நான் பிறந்த வருடம் அறுவடை நேரத்தில் மழை. பழமெல்லாம் அழுகிவிட்டது. அப்பா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அந்த மழையைத்தான் சொல்வார். அடுத்த மாதம் எனக்கு நாற்பது. என் வருடத்தை நான் ருசித்ததே இல்லை" என்று சிரித்தார். வரதராஜன் சிரிக்கவில்லை. "வாங்கித் தரேன்" என்றார். ஒயினைக் கண்ணால் பார்த்திராத மனிதர், அப்போது மதுவிலக்கு இருந்த மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு.

"உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்று கேட்டேன்.

"என் பொண்ணு மூல நட்சத்திரம் ஓய். பிறந்த நேரத்தைச் சொல்லி ஒருத்தியைத் தள்ளறதை ரெண்டு வருஷமாக் கேட்டுண்டிருக்கேன். இவன் நாற்பது வயசு ஆம்பிளை, அவனையும் அப்படியே தள்ளியிருக்கா."



வெளிநாட்டுக்காரர் என்பதால் லூயியிடம் குடி பெர்மிட் இருந்தது. அவர் சார்பில் ஒரு பாட்டில் வாங்கி வர அனுமதிக் கடிதம் ஒன்றை வரதராஜன் மூன்று பிரதியில் தயார் செய்தார். லீவு போட்டுவிட்டு இருவரும் பாண்டிச்சேரிக்குப் போனோம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்து ஒயின் விற்கும் பழைய கடை. கடைக்காரர் வருடத்தைக் கேட்டதும் கையை விரித்தார்.

"அந்த வருஷமா? வேண்டாங்க. மழையில எல்லாம் போச்சு. முந்தின வருஷம் இருக்கு, அருமையா இருக்கும்."

எனக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "முந்தின வருஷத்தையே வாங்கிடலாம் சார். லேபிளைக் கொஞ்சம் சுரண்டினா யாருக்குத் தெரியும்?"

"ஜாதகத்தைத் திருத்திக் கல்யாணம் பண்ணச் சொல்றீரா?" என்றவர், கடைக்காரர் பக்கம் திரும்பினார். "எல்லாருக்குமா போச்சு?"

"பின்ன? மழை ஆள் பார்த்தாங்க பெய்யும்?"

"பெய்யறது எல்லார் மேலயும்தான். நிக்கறது பள்ளத்துலதானே? கொள்ளிடம் உடைச்சுண்டு வந்த வருஷம் எங்க பக்கத்துல பள்ளத்து நிலமெல்லாம் அழுகித்து. மேட்டு நிலத்துக்காரன் அறுத்துச் சாப்பிட்டான். அந்தத் தேசத்துல மேடே கிடையாதா?"

கடைக்காரர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கட்டுக்குள் போனார். நாங்களும் போனோம். ஒவ்வொரு பாட்டிலாகத் துடைத்து, தோட்டத்தின் பெயரைப் படித்து, அதற்குத் தமிழில் அர்த்தம் சொன்னார். ஆற்றோரம், புல்வெளி, மாதா கோயில், பழைய ஆலை. வரதராஜன் ஒவ்வொன்றுக்கும் "பள்ளம்", "பள்ளம்" என்று தலையாட்டினார். கோயிலுக்கு மட்டும் சற்று யோசித்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ரயில் போய்விட்டது, நான் வாய்விட்டே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒன்றைத் துடைத்த கடைக்காரர் அப்படியே நின்றார். வருடம் அதுதான். "இதுக்குக் கல்லு மேடுன்னு அர்த்தங்க" என்றார்.

ரயில் போய்விட்டதால் விழுப்புரத்துக்குப் பஸ் பிடித்தோம். எல்லையில் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறினார். வரதராஜன் நெற்றியில் திருமண், மடியில் கூடை. "என்னங்க சாமி அதுல?"

"ஒயின்."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பெருமாள் தீர்த்தம்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். இப்ப பேப்பரைப் பார்த்தாகணுமே" என்றார் வருத்தத்தோடு. வரதராஜன் மூன்று பிரதியையும் நீட்டினார்.

இனி எங்கள் முட்டாள்தனம். சித்திரை வெயில் பாட்டிலைக் கெடுத்துவிடும் என்று ஈரத் துண்டில் சுற்றியிருந்தோம். விழுப்புரத்தில் ரயில் ஏறியபின் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தோம். தண்ணீர் ஆவியானால் குளிரும் என்று அவருக்கு விளக்கமெல்லாம் சொன்னவன் நான்தான். நாற்பது வருடத்துப் பசை ஊறிவிடும் என்று படித்தவனுக்குத் தோன்றவில்லை. திருச்சியில் துண்டைப் பிரித்தபோது லேபிள் துண்டோடு வந்தது. வருடம் போட்ட ஓரம் கூழாகியிருந்தது. அவர் முகம் வாடி நான் பார்த்தது அன்று மட்டும்தான். மிச்சமிருந்ததைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினார். கோணலாக நின்றது.

லூயியின் பிறந்தநாள் கைலாசபுரத்தில் அவர் குவார்ட்டர்ஸில். பாட்டிலைக் கையில் வாங்கியவர் லேபிளைத் தடவினார். விரலில் ஒரு பருக்கை வந்தது. அதை உருட்டிப் பார்த்தார். வேறு வருடத்துப் பாட்டிலில் லேபிளை ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்தால் மறுத்துச் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. வரதராஜன் மேல்துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

லூயி தக்கையை மெல்லத் திருகி இழுத்தார். பாதியில் உடைந்தது. மறுபாதியையும் பொறுமையாக எடுத்து, இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். தக்கையின் பக்கவாட்டில் சூடு போட்டதுபோல நான்கு எண்கள். அவர் பிறந்த வருடம். தக்கையில் வருடம் பொறிப்பார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அவர் அதை வரதராஜன் உள்ளங்கையில் வைத்தார்.

பிறகு ஊற்றி, முகர்ந்து, ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"புளிச்சுப் போச்சா?" என்று வரதராஜன் என் காதில் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? லூயி திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. "நல்லா இருக்கு" என்றார் தமிழில். தெரிந்த பத்து வார்த்தைகளில் இரண்டு. வரதராஜன் கிளாஸை முகர்ந்து மட்டும் பார்த்தார். "பழைய புளிப் பானையைத் திறந்த மாதிரி இருக்கு ஓய். நல்ல புளி" என்று சான்றிதழ் வழங்கினார். ருசி பார்த்தார் என்பவர்கள் திருத்திக்கொள்ளவும்.

மேட்டுத் தோட்டத்து ஒயின் மழையில் தப்பியதைச் சொல்லி லூயி அப்பாவுக்கு அன்றே கடிதம் எழுதினார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. வாழ்த்து, நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. ஒரே வரி: எந்த மேடு? வரதராஜன் அதைக் கேட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார். "பாரும், கிழவருக்கு நாற்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் சந்தேகம் வந்திருக்கு."

அவர் மகளுக்கு அடுத்த ஆண்டே கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டார் நட்சத்திரமே கேட்கவில்லை. அதற்கும் பாட்டிலுக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொன்னேன். அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது "எல்லாருக்குமா?" என்ற ஒரு கேள்வி. என் அவசரம் குறையவில்லை. ஆனால் எதையாவது மொத்தமாகப் போயிற்று என்று யாராவது சொன்னால் அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்துவிடுகிறது. கேட்டபின் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அரை நாள் வீண். அந்த அரை நாள் முழுக்க அவரைத் திட்டுகிறேன். இனி திருப்பித் திட்ட அவர் இல்லை என்பதால் கொஞ்சம் அதிகமாகவே திட்டுகிறேன்.