கயிறு வீசுகிறவர்

மூதூர்க் கந்தோர் வேலைக்கு நான் கடல் தாண்டிப் போய்வந்த லாஞ்சியில் கயிறு வீசுகிறவர் ஓரிடத்தில் நிற்கமாட்டார். குட்டையான உடம்பு, காதில் செருகிய பீடி. திருகோணமலை ஜெற்றியில் புறப்படும் நேரமானதும் தினமும் கூடவரும் தயிர்க்காரர் கத்துவார்: "டேய் கள்ளத்தோணி, கயித்தைக் கழட்டடா!"

"ஒன் தயிர்ச்சட்டிய மொதல்ல கடல்ல போடுறேன், இரு!" என்று பதில் வந்த பிறகுதான் லாஞ்சி நகரும்.

இந்தியாவிலிருந்து களவாக வந்தவன் என்று மலையகத்து ஆட்களை ஏசும் சொல் அது. கயிற்றுக்காரரோ இங்கேயே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஜெற்றியில் ஒரு பொலிஸ்காரன் அதையே சொன்னபோது அவர் கயிற்றைப் போட்டுவிட்டுச் சட்டைப்பையில் கடதாசிகளைத் தேடியதைக் கண்டிருக்கிறேன்.

தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். ஒருநாள், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியார் அந்தக் கத்தலைப் பொறுக்கமாட்டாமல் எழுந்தார்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. பாவம், அவர் இந்தியாக்காரர்."

கயிற்றுக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. "கள்ளத்தோணின்னா நான் இங்க வந்து சேந்துட்டேன்னாவது இருக்கு, ஐயா. நீங்க என்னையத் திருப்பி அனுப்பிட்டீங்களே."

மறுநாள் புறப்படும் நேரம் கடந்தும் அவர் கயிற்றைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். தயிர்க்காரர் வாயைத் திறந்தார், மூடினார். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெயரைச் சொல்லியே கூப்பிட்டுவிடலாம் என்று எழுந்தேன்.

எத்தனை வருஷப் பழக்கம்! அவருடைய பெயர் எனக்குத் தெரியவில்லை. தயிர்க்காரரைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை.