கடப்பா கல்லும் பாதி மீசையும்

போன ஞாயிற்றுக்கிழமை ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் என் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சித்தூரிலிருந்து கிளம்பிவிட்டதாக போன் வந்தது. அதே நேரம் பாத்ரூம் வாசலில் தம்பி மனைவி செல்வி அலறினாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். தம்பி குமரேசன் சவரக்கத்தியோடு நிற்கிறான். மீசையில் வலது பாதி முகத்தில் இருக்கிறது. இடது பாதி... வாஷ்பேசினில்!

பவர்லூம் ஓட்டும் குமரேசனுக்குச் சில மாதங்களாகக் கத்தி தீட்டும் பைத்தியம். மெஷினில் சாணை பிடித்தால் கத்தியின் உயிர் போய்விடுமாம். இயற்கையான கல்தான் வேண்டுமாம். எல்லாம் யூடியூப் உபயம்! காளஹஸ்திக்குப் போனால் சாமி கும்பிடுகிறானோ இல்லையோ, சொர்ணமுகி ஆற்றில் இறங்கிக் கல் பொறுக்குவான். கடைசியில் கடப்பா கல்லில் வந்து நின்றான். வீட்டில் இருந்த கத்தி, அரிவாள்மனை எல்லாவற்றையும் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தீட்டினான். கூர் பார்க்கத் தன் கை முடியை மழித்தான். அது தீர்ந்ததும் மற்றவர்கள் கையைக் கேட்க ஆரம்பித்தான். என் கணவர் நகரிக்கு வந்தால் முழுக்கைச் சட்டைதான்.

செல்விக்கு? விரலுக்கு ஒரு பிளாஸ்டர்.

நிச்சயத்தன்று தான் தீட்டிய கத்தியில் தானே ஷேவ் செய்து, வாட்ஸ்அப் நண்பர்களுக்கு வீடியோ காலில் காட்ட ஆசைப்பட்டிருக்கிறான். கண்ணாடியைப் பார்க்காமல் போனைப் பார்த்தபடி கத்தியை இழுத்ததில், இடம் வலம் குழம்பிவிட்டது.

போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவராவது 'ஐயோ' என்றார்களா?

"ஒரே இழுப்புல வந்துட்ச்சே! இன்னா கல்லுண்ணா?"

பாதி மீசையோடு நின்றவன் பெருமையாகச் சொன்னான்: "கடப்பா கல்லு!"

மீதியையும் எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. எடுத்த பிறகுதான் ஆபத்து உறைத்தது. நம் பக்கம் ஐம்பது வயது மனிதர் திடீரென்று மீசையை எடுத்தால் என்ன அர்த்தம்? வீட்டில் சாவு! தீட்டு வீட்டில் யார் தட்டு மாற்றுவார்கள்?

"நான் வாசல்லயே உக்காந்துக்கினு கீறேன். உசுரோட கீறத அவங்களே பாத்துக்கட்டும்" என்றாள் அம்மா.

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மொட்டை அடிச்சிக்கினு வாங்க. திருப்பதி வேண்டுதல்னு சொல்லிக்கலாம்."

"சலூன் எதுக்கு? நம்ம கத்தியிலயே..."

"கத்திய கீழ வைடா!" — அம்மாவும் நானும் ஒரே குரலில்.

தெருமுனை சலூனில் மழித்துக்கொண்டு, மொட்டையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றான். காரிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் வெளுத்தது.

"சம்பந்தி... அம்மா...?" என்று இழுத்தார்.

நாற்காலியிலிருந்து அம்மா கையை ஆட்டினாள். "வாங்க, வாங்க! நல்லாத்தான் கீறேன்!"

செல்வி முந்திக்கொண்டாள். "பொண்ணுக்கு நல்ல இடம் அமைஞ்சா முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினாருங்க."

"மொக்கா? பொண்ணுக்காக வேண்டுதலா?" மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு நைனா யாருக்குக் கிடைப்பாரு!"

தட்டு மாறியது. எனக்கும் மூச்சு வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பக்தி தொற்றிக்கொள்ளுமே! சாப்பாட்டுக்கு முன் சம்பந்தி எழுந்து நின்று அறிவித்தார்: "பொண்ணோட நைனாவே குடுத்துட்டாரு. நாங்க சும்மா இருந்தா நல்லாருக்குமா? கல்யாணத்துக்கு முன்னாடி எங்க பையனும் மலைக்குப் போய் முடி குடுப்பான்!"

ஜெல் தடவி நிமிர்த்தியிருந்த தன் முடியை மாப்பிள்ளை மெதுவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மணப்பெண் தன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்... அவன் அன்று சாப்பிடவே இல்லை.

இப்போது செல்விக்குப் புதுக் கவலை. சாமி பேரில் பொய் சொல்லியாயிற்றே! குமரேசனும் முடி வளர்ந்ததும் திருமலைக்குப் போய், நிஜமாகவே கொடுத்தாக வேண்டுமாம்.

பெருமாளுக்கு என்ன... கேட்காமலே இரண்டு தலை!