சிவப்பு எழுத்துச் சோதனை

பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுதத் துணிந்ததைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

தர்மபுரி பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் வெப்சைட் பிரிவில் நான் உதவியாளர். அங்கே அதிகாரிகள் இரண்டே பேர். மேடம் எதையும் தனிக் கணினியில் பல வாரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார். சார் சின்ன வயது. போட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பார்.

“பத்திரிகை அடிச்சுட்டுப் பொண்ணு தேடற ஆளு நீங்க” என்பார் மேடம்.

“நீங்க பொண்ணு பாத்து முடிக்கறதுக்குள்ள மாப்பிள்ளைக்கு நரைச்சுடுங்க மேடம்” என்பார் சார்.

அன்று மேடம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். தேர்வு முடிவுக்கான புதிய பக்கத்தை சார் நேராக வெப்சைட்டிலேயே ஏற்றினார். சிவப்பு எழுத்து செல்போனில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க, எல்லாத் தேர்வு எண்ணுக்கும் ‘தோல்வி’ என்று போட்டார். பார்த்ததும் எடுத்துவிட்டார். அதற்குள் மாணவர்கள் அவரவர் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

மதியம் முதல் கல் எங்கள் ஜன்னலை உடைத்தது. பிறகு கற்கள் நிற்கவே இல்லை. கத்திக்கொண்டிருந்த மாணவர் கூட்டத்துக்குள் காரிமங்கலத்துக்காரர் ஒருவர் பைக்கை விட்டார். பின்னால் இருந்த மகளை முடியைப் பிடித்து இறக்கி, எங்கள் வாசலில் தள்ளி, ஹெல்மெட்டால் முதுகில் அடித்தார்.

“இதுக்காடி தெனம் பஸ்ஸு ஏறுன? டி.சி. குடுங்கய்யா! இவ படிச்சது போதும்!”

சார் குறுக்கே ஓடினார். “அது ட்ரையலுங்க, நெசமில்லிங்க!”

அடுத்த அடி அவர் வாயில் விழுந்தது. பல் தெறித்தது. நான் அந்த மனிதரின் கையைப் பிடித்தேன். உதறினார், உடைந்த கண்ணாடி மேல் போய் விழுந்தேன்.

கூட்டம் முடிந்து அப்போதுதான் திரும்பிய மேடம் ஓடிவந்து பெண்ணைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“அப்ப பாஸா? அதச் சொல்லுங்க.” ஹெல்மெட் ஓங்கியபடியே இருந்தது.

“ரிசல்ட்டுல இன்னும் கையெழுத்தே ஆகலிங்க. நான் எப்படிச் சொல்றது?”

அந்த மனிதர் மேடத்தைத் தோளில் பிடித்துத் தள்ளினார். பெண் சுவரோடு ஒடுங்கினாள்.

“பாஸுங்க!” தரையில் கிடந்த சார் ரத்தத்தோடு கத்தினார். “உங்க பொண்ணு பாஸு! நான் பாத்தேன்!”

சார் எதையும் பார்க்கவில்லை என்பது மேடத்துக்குத் தெரியும். ஆனாலும் மறுத்துப் பேசவில்லை. ஹெல்மெட் இறங்கியது. அப்பா மகளை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் உண்மையான முடிவு வந்தது. அந்தப் பெண் ஒரு பாடத்தில் தோல்வி. அப்பா வந்து டி.சி. வாங்கிப் போனார்.