நான் கவிழ்த்த மாங்கனீசுக் குடுவை

செல்வி, குமரா... உங்கள் அப்பா ஒருவனின் வேலையைப் பறித்தவன். வாய் திறந்து பொய் சொல்லவில்லை; தலையை மட்டும் ஆட்டினேன். அதுவே போதுமானதாக இருந்தது!

ஓசூரில் நான் பார்த்த வேலை உங்களுக்குத் தெரியும். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மாத்திரைக்காகப் பெரிய தொட்டியில் பாக்டீரியா வளர்ப்போம். கடைசியில் அது கெட்டியான ஓடு போர்த்திக்கொண்டு வித்தாக உறங்க வேண்டும். அப்போதுதான் காயவைத்தாலும் சாகாது. அப்படி வித்தாக மாற அதற்கு மாங்கனீசு வேண்டும். மிகச் சிறிதளவு.

ஆய்வகத்து மேடம் ஒருமுறை எங்களுக்கு விளக்கினார். மாங்கனீசு குறைந்தால் அது தன் வாசல்களைத் திறந்து உள்ளே இழுக்குமாம். போதுமானதும் தானே அடைத்துக்கொள்ளுமாம். கண்ணுக்குத் தெரியாத அதற்கே 'போதும்' என்பது தெரிந்திருக்கிறது. எனக்கு?

மாங்கனீசு உப்பைத் தனிக் குடுவையில் கரைத்து, தனியாக ஆவியில் சூடேற்றி, தொட்டி ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். மற்ற உப்புகளோடு சேர்த்துச் சூடாக்கினால் கசடாகி அடியில் படிந்துவிடும். கரைத்துத் தருவது திம்மராயன் வேலை. கல்லாவிப் பக்கத்துக் கூலிக் குடும்பம்; அந்த வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவன். ஊற்றுவது என் வேலை.

அன்று உத்தனப்பள்ளியில் நம் மாந்தோப்பில் காய் பார்க்கக் கிருஷ்ணகிரியிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. தொட்டி ஆற இரண்டு மணி நேரம் ஆகும். பேருந்து போய்விடும்... தொட்டியைச் சூடேற்றும் ஆவியைத் திறப்பதற்கு முன்பே, மற்ற உப்புகளோடு குடுவையையும் அதில் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினேன். தோப்பு உள்ளவனுக்கு வந்த அவசரத்தைப் பாருங்கள்!

மூன்றாம் நாள் பார்த்தால் தொட்டி முழுக்க வீண். பாக்டீரியா வாசலைத் திறந்துவைத்துக் காத்துக் கிடந்திருக்கிறது. அதற்குச் சேர வேண்டியது அடியில் பழுப்புச் சேறாய்க் கிடந்தது.

அதிகாரி எங்கள் இருவரையும் நிறுத்தினார். கேட்டது என்னை மட்டும். "இவனுங்களுக்கு வேலை குடுத்தா இப்படித்தான். இவன்தானே முன்னாடியே ஊத்துனது?"

திம்மராயன் என் பக்கம் திரும்பினான். "தனியாத்தானே கரைச்சு உன் கையில குடுத்தேன். சொல்லுண்ணா."

நான் தலையாட்டினேன். அவனுக்கு அல்ல... அதிகாரிக்கு!

அந்த ஆள்மேல் இன்றும் எனக்கு எரிகிறது. 'இவனுங்க' என்ற ஒரு சொல்லில் விசாரணையையே முடித்துவிட்டார். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது யார்? சீ... நான்தான்!

திம்மராயனை அன்றே வேலையைவிட்டு அனுப்பினார்கள். வாசலில் என்னைக் கடக்கும்போது, "உன் தோப்பு நல்லாக் காய்க்கட்டும்ணா" என்றான்.

காய்த்தது. அந்த வருடம் நீங்கள் இருவரும் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனைத் தேடிப் போனேனா? இல்லை. இன்றுவரை இல்லை!

அவன் போன அன்று ஷிப்ட் முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அறையில் நான் மட்டும். சுவர்க் கரும்பலகையில், அடுத்த வாரத்து வேலைப் பட்டியலில், என் பெயருக்குக் கீழே அவன் பெயர் இன்னும் இருந்தது. அழிக்கும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

உள்ளங்கையால் நானே அழித்தேன்.