கச்சான் தோட்டத்துப் பாட்டுக்காரி

எங்கள் விசுவமடுவில் கச்சான் கடலை பிடுங்கும் பெண்கள் பாடிய நாலு வரிகளை என் முதல் நாவலில் சேர்த்து, கீழே 'நாட்டார் பாடல், இயற்றியவர் தெரியவில்லை' என்று எழுதியிருந்தேன். தோட்டத்தில் கேட்ட பாட்டுக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்ற துணிச்சல்தான்!

அச்சுக்குக் கொடுப்பதற்கு முதல் நாள், ஆசையில் அந்தப் பக்கத்தை அவர்களுக்கே வாசித்துக் காட்டினேன். எல்லோரும் வசந்தியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் என்னைவிட இளையவள். கையிலிருந்த செடியை உதறியபடி கேட்டாள்:

"அக்கா, என்னைத் தெரியேல்லையோ? அது நான் போன வருசம் கட்டின பாட்டு."

"ஐயோ, மன்னிச்சுக்கொள்ளும். புத்தகத்திலை போடலாமோ?" என்றேன்.

"ஓம், போடுங்கோ. ஆனா மூண்டாவது வரியிலை மாமியை நக்கலடிச்சிருக்கிறன். அவாட்டையும் ஒருக்கால் கேளுங்கோ."

மாமியார் அடுத்த வரிசையில்தான் குனிந்து நின்றார். நிமிராமலே சொன்னார்: "அந்த வரியை மட்டும் எடுத்திடாதேங்கோ பிள்ளை. அதிலைதான் நான் வாறன்."

நாவலில் இப்போது பாட்டின் கீழ் வசந்தியின் பெயர் இருக்கிறது. எந்தப் பாட்டுக் காதில் விழுந்தாலும், எழுதிக்கொள்ளுமுன் "இது ஆர் கட்டினது?" என்று கேட்டுவிடுகிறேன்.

இப்போது தோட்டத்தில் புதுப்பாட்டு ஒன்று ஓடுகிறது. பாட்டுக் களவெடுக்க வந்த ஒரு எழுத்தாளர் அக்காவைப் பற்றியது. அதற்கு வசந்தி என்னிடம் அனுமதி கேட்கவேயில்லை.